இன்ஜினை இறக்கச் சொன்ன சத்தம்: 1998 மாருதி 800 – ஒரு நிகழ்வு ஆய்வு

பழைய காரில் ‘டக் டக்’ என்று சத்தம் கேட்டால் பல பட்டறைகளில் கையோடு வரும் பதில், “ராடு தட்டுகிறது, இன்ஜினை இறக்கிவிடலாம்” என்பதுதான். பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் கீழ்முனையில் உள்ள பிக் எண்ட் பேரிங் தேய்ந்துபோன வண்டிக்கு அது சரியான பதில். ஆனால் அதே சாயலில் சத்தம் கொடுக்கும் கோளாறுகள் வேறு பல உண்டு. அவற்றில் பல இன்ஜினைக் கழற்றாமலே தீரக்கூடியவை. இறக்கிப் பிரித்துப் போட்ட இன்ஜின் சத்தம் போடாது. அதன்பிறகு தேய்ந்தவை எல்லாம் குற்றவாளியாகத்தான் தெரியும். சத்தத்தை ஆராய வேண்டுமானால் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆராய வேண்டும்.

இங்கே விவரிக்கும் வண்டியில் மூன்று வெவ்வேறு தட்டல்கள் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. அவற்றில் இரண்டுக்கு வேர் ஒன்றே. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

வண்டியும் புகாரும்

1998ஆம் ஆண்டு மாருதி 800. கார்புரேட்டர் வைத்த 796 சி.சி. மூன்று சிலிண்டர் இன்ஜின், நான்கு கியர். ஓடோமீட்டரில் 1,30,000 கி.மீ.க்கு மேல். உரிமையாளர் போடிநாயக்கனூரில் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். போடிமெட்டுக்கு அப்பால் சிறிய ஏலக்காய்த் தோட்டம் இருப்பதால் ஆளும் மூட்டையுமாக மலைப்பாதையில் அடிக்கடி ஏறி இறங்குகிற வண்டி இது.

“தம்பி, இரண்டு இடத்தில் காட்டிவிட்டேன். இன்ஜினை இறக்கி கிராங்க் கிரைண்டிங், போரிங் எல்லாம் செய்தால் முப்பத்தைந்தாயிரம் ஆகும் என்கிறார்கள். வண்டியே அவ்வளவு போகுமா என்று தெரியவில்லை” என்றார்.

“சத்தம் எப்போது வருகிறது, சார்?”

“எப்போதும் வருகிறது.”

வண்டியைக் கொண்டுவரும் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள், அதில் தவறும் இல்லை. ஒவ்வொன்றாகக் கேட்டால்தான் பிரியும். நின்ற இடத்தில் ஐடிலில் இருக்கும்போது உண்டா? உண்டு. கிளப்பிய உடனேயா, சூடான பிறகா? இரண்டிலும். மலையேறும்போது? அது வேறு மாதிரி, மெல்லியதாக, ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும். பிரேக் பிடிக்கும்போது? சற்று யோசித்துவிட்டு, “ஆமாம், மெதுவாகப் போய் நிறுத்தும்போது காலுக்குக் கீழே ‘டொக்’ என்று ஒன்று கேட்கும்” என்றார். ‘எப்போதும் வருகிறது’ என்ற ஒரே புகார் அந்த நேரத்திலேயே மூன்றாகிவிட்டது.

பிறகு பழைய கதையைக் கேட்டேன். சத்தத்தை நேரடியாகக் கேட்பதைவிட இதில்தான் பல நேரம் விடை இருக்கிறது. ஒரு வருடத்துக்கு முன் வேறோர் ஊரில் டைமிங் பெல்ட் மாற்றியிருக்கிறார். சில மாதங்களில் இழுவை குறைந்திருக்கிறது. இன்னொரு இடத்தில், பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைச் சற்றுத் திருப்பி வைத்ததும் பிக்கப் திரும்பியிருக்கிறது. அதற்குப்பின்தான் மலைச் சத்தம். ஐடில் தட்டல் அதற்கும் முன்பே மெதுவாகத் தொடங்கியிருக்கிறது. யாரும் அப்போது பொருட்படுத்தவில்லை. இந்த வரிசையை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன்.

எதைப் பின்தொடர்கிறது?

எந்தத் தட்டலும் ஏதோ ஒன்றைப் பின்தொடரும். இன்ஜின் சுற்றைப் பின்தொடர்கிறதா, சக்கரத்தின் சுற்றைப் பின்தொடர்கிறதா, சாலையின் மேடுபள்ளத்தையா, ஆக்சிலரேட்டரில் வைக்கும் பாரத்தையா என்று முதலில் பிரித்துவிட வேண்டும். கணக்கு எளிது. ஐடிலில் நிமிடத்துக்கு 900 சுற்று என்றால் கிராங்க் நொடிக்கு 15 முறை சுற்றுகிறது. வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் அதில் பாதி, ஏழரை முறை. டேப்பட் சத்தம், அதாவது வால்வு இடைவெளியில் எழும் தட்டல், கேமைப் பின்தொடர்வதால் எப்போதும் கிராங்கின் பாதி வேகத்தில்தான் வரும். இந்த வண்டியின் 12 அங்குல வளையமும் டயரும் சேர்ந்து ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.6 மீட்டர் போகும். ஆக 20 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு மூன்றரைச் சுற்று. நியூட்ரலில் உருளவிட்டும் அந்தத் தாளம் மாறாவிட்டால் இன்ஜினை மறந்துவிடலாம்.

ஸ்டெப்னி, ஜாக்கி, டிக்கியில் கிடந்த மண்வெட்டி எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு ஓட்டினேன். இதைச் செய்யாமல் சத்தம் தேடக் கூடாது. சமதளத்தில் நியூட்ரலில் உருளவிட்டபோது சக்கரத்தின் தாளத்தில் எதுவும் இல்லை. ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பி வட்டமடித்தபோதும் சத்தமில்லை. ஆகவே, சக்கரம் திரும்பியிருக்கும்போதும் அதைச் சுழற்றும் ஆக்சிலின் சி.வி. ஜாயின்ட்டுகள் நன்றாக இருக்கின்றன. வேகத்தடையில் ஏறும்போது வராத ‘டொக்’, மெதுவாக ஊர்ந்து பிரேக்கை லேசாகத் தொட்டதும் இடப்பக்கத்திலிருந்து ஒரு முறை வந்தது. பிரேக்கை விட்டதும் மறுபடி ஒரு முறை. அதை ஓரமாக வைத்துவிட்டு ஐடில் தட்டலுக்குப் போனேன். 35,000 ரூபாய் மதிப்பீடு அதன் தலையில்தான் இருந்தது.

ராடு இல்லை என்பது தெரிந்த விதம்

பிக் எண்ட் பேரிங் தேய்ந்தால் சத்தத்துக்குச் சில குணங்கள் உண்டு. கனமாக, இன்ஜினின் அடிப்பகுதியிலிருந்து, கிராங்கின் தாளத்தில் சீராக வரும். சூடாகி ஆயில் இளகியதும் கூடும். ஆக்சிலரேட்டரை ஏற்றி, சட்டென்று விடும் இடைவெளியில் நன்றாகக் கேட்கும். கோளாறுள்ள சிலிண்டரின் ஸ்பார்க் பிளக் வயரை எடுத்துவிட்டால் அந்த பிஸ்டனைத் தள்ளும் அழுத்தம் போய்விடுவதால் சத்தம் பெரிதும் அடங்கும். பிஸ்டன் சிலிண்டர் சுவரில் மோதும் பிஸ்டன் ஸ்லாப் இதற்கு நேர்மாறு: குளிர்ந்த இன்ஜினில் அதிகமாக இருந்து, பிஸ்டன் சூட்டில் விரிந்ததும் குறைந்துவிடும்.

இந்த வண்டியின் தட்டல் இந்த இரண்டு பட்டியலிலும் சேரவில்லை. காலையில் குளிர்ந்த இன்ஜினிலும், ரேடியேட்டர் ஃபேன் சுற்றும் அளவுக்குச் சூடான பிறகும் ஒரே அளவு. 1,500 சுற்றைத் தாண்டினால் காணாமல் போனது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, அது சீராக இல்லை. இரண்டு மூன்று தட்டல்கள் சேர்ந்து வந்து, ஒன்று விடுபட்டு, மறுபடி தொடங்கியது. தேய்ந்த ராடு அப்படி விட்டுவிட்டுத் தட்டுவதில்லை.

பிளக் வயர்களை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தேன். (வயரைக் காற்றில் தொங்கவிடக் கூடாது, முனையை இன்ஜின் உடலோடு எர்த் செய்துவிட வேண்டும், இல்லையென்றால் இக்னிஷன் பாகங்கள் கெடும்.) மூன்று சிலிண்டரிலும் ஐடில் தடுமாறியது, தட்டல் கொஞ்சம் மாறியது, ஆனால் எதிலும் அடங்கவில்லை.

ஆயில் பிரஷர் சுவிட்ச் இருந்த இடத்தில் மீட்டரை மாட்டியபோது, சூடான இன்ஜினில் 3,000 சுற்றில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு மூன்று கிலோவுக்குக் குறையாமல் நின்றது. பேரிங்குகளில் இடைவெளி மிஞ்சிப்போன இன்ஜினில் இந்த அழுத்தம் நிற்காது. அதற்குப் பிறகும் சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் ஆயிலை வடித்து, ஃபில்டரின் தகரக் கூட்டை அறுத்தேன். உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் காகிதத்தை வெட்டி எடுத்து, வெள்ளைத் துணிமேல் விரித்து, வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். கரி இருந்தது, பழைய கேஸ்கெட் பசையின் துணுக்குகள் இரண்டு மூன்று இருந்தன. மினுங்கும் உலோகத் துகள் எதுவும் இல்லை. பேரிங் கரைந்துகொண்டிருந்தால் அந்த மடிப்புகளில் ஜரிகைத் தூள் மாதிரி தெரிந்திருக்கும். ஐந்து நிமிட வேலை இது. இன்ஜினை இறக்கச் சொல்லும் முன் ஒரு ஃபில்டரையாவது அறுத்துப் பார்க்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரன்.

அடுத்து, நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதெலும்பில் அழுத்திக் கேட்டேன். இன்ஜின் அடியில் ஆயில் தங்கும் சம்ப்பின் பக்கவாட்டில் சத்தம் மங்கல். சிலிண்டர் ஹெட்டின்மேல் டேப்பட்டின் மெல்லிய ‘டிக் டிக்’ மட்டும். டைமிங் கவரின் கீழ்ப்பகுதியில், கிராங்கின் மூக்குக்கு (முன்முனைக்கு) அருகே வைத்தபோது மண்டைக்குள் இறங்கியது சத்தம். ஹெட்லைட்டைப் போடச் சொன்னேன். ஆல்டர்னேட்டரில் பாரம் ஏறியதும் தட்டலின் தொனி மாறியது. ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, சூடேறாதபடி சிறிது நேரம் மட்டும் ஓட்டினேன். தட்டல் இன்னும் தளர்வாக, இன்னும் ஒழுங்கில்லாமல் ஆனது. பெல்ட்டின் இழுப்பு அதுவரை எதையோ ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. ராடுக்கும் ஃபேன் பெல்ட்டுக்கும் எந்த உறவும் கிடையாது.

கவரைத் திறப்பதற்கு முன், பிளக் பொறி விடும் ஒவ்வொரு கணமும் மின்னி இக்னிஷன் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட்டை ஒன்றாம் சிலிண்டர் வயரில் மாட்டி அடித்தேன். குறி ஓரிடத்தில் நிற்கவில்லை. இருக்க வேண்டிய இடத்துக்கு நான்கு டிகிரி முன்னாலிருந்து எட்டு டிகிரி முன்னால் வரை துள்ளிக்கொண்டிருந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் புஷ் தேய்ந்திருந்தாலும் இப்படித் துள்ளும் என்பதால் மூடியைத் திறந்து தண்டை அசைத்துப் பார்த்தேன், ஆட்டமில்லை. இந்த இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றுவது கேம் ஷாஃப்ட். கேமைச் சுழற்றுவது டைமிங் பெல்ட். பெல்ட்டைச் சுழற்றுவது கிராங்கின் மூக்கில் இருக்கும் டைமிங் புல்லி. தட்டலும் துள்ளலும் ஒரே இடத்தைக் காட்டின.

கவருக்குள்

ஃபேன் பெல்ட் புல்லியையும் கவரையும் எடுத்ததும் முதலில் கிராங்கின் நடு போல்ட்டில் ஸ்பேனரை வைத்தேன். நீளமான கைப்பிடி மாட்டி, முழு பலத்தையும் போட்டால்தான் அசைய வேண்டிய போல்ட் அது. ஒரு கையால் சாதாரணமாக இழுத்ததும் சுற்றியது. போல்ட்டைத் தொடாமல் புல்லியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டியபோது, கிராங்க் அசைவதற்கு முன் புல்லி மட்டும் தனியாக ‘டக்’ என்று நகர்ந்தது. உரிமையாளரைக் கூப்பிட்டு அவர் கையாலேயே ஆட்டிப் பார்க்கச் சொன்னேன்.

“இதுதானா அந்தச் சத்தம்?” என்று கேட்டார்.

“இதேதான் சார். நொடிக்கு எத்தனையோ முறை.”

புல்லியை உருவி எடுத்தபோது கீ வெளியே வந்தது. கிராங்கின் காடியிலும் புல்லியின் காடியிலும் பாதிப் பாதியாக உட்கார்ந்து இரண்டையும் பூட்டிவைக்கும் சிறிய இரும்புத் துண்டு. புதிதாக இருக்கும்போது அதன் பக்கங்கள் செங்குத்தாக, கூர்மையான விளிம்போடு இருக்கும். இதில் ஒரு பக்கத்தின் நடுவே படிக்கட்டு போட்டதுபோல ஒரு வெட்டு. கீழ்ப்பாதி அப்படியே இருக்க, மேல்பாதி அடி வாங்கித் தேய்ந்து, விளிம்பில் உலோகம் பிசிறாகப் பிதுங்கியிருந்தது. புல்லியின் காடி அகன்று வாய் பிளந்திருந்தது. சுற்றிலும் செம்பழுப்புத் தூள். இரும்பும் இரும்பும் நுண்ணிய அளவில் உரசிக்கொண்டே இருந்தால் வரும் துரு அது.

ஒழுங்காக முறுக்கிய நடு போல்ட் இருந்தால் இந்தக் கீக்குப் பெரிய வேலை கிடையாது. புல்லியைக் கிராங்கோடு அழுத்திப் பிடிக்கும் உராய்வே சுழற்சியைக் கடத்திவிடும். கீ, புல்லியைச் சரியான கோணத்தில் நிறுத்துவதற்குத்தான். போல்ட் தளர்ந்ததும் முழுப் பாரமும் கீயின்மேல் விழுகிறது. மூன்று சிலிண்டர் இன்ஜினில் வெடிப்புக்கு வெடிப்பு இடைவெளி 240 டிகிரி. ஐடிலில் கிராங்க் வேகம் கூடிக் குறைந்துகொண்டே இருக்கும்; வால்வு ஸ்பிரிங்குகளும் கேமை ஒரு நேரம் பிடித்து இழுக்கும், ஒரு நேரம் முன்னே தள்ளும். புல்லி அந்த ஆட்டத்துக்கெல்லாம் கீயின் இரு பக்கமும் மாறி மாறி மோதும். சுற்று ஏறியதும் இந்த ஏற்ற இறக்கம் சமப்பட்டு, புல்லி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது. 1,500 சுற்றுக்கு மேல் சத்தம் மறைந்ததற்குக் காரணம் இதுவே.

ஆட்டத்தை அளந்தால் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே குறைவு. கிராங்க் மூக்கின் விட்டத்தில் அது ஏறக்குறைய நான்கு டிகிரி. லைட்டில் பார்த்த துள்ளலின் அளவும் அதுதான்.

கிராங்கின் காடியைச் சுத்தம் செய்து பார்த்தபோது விளிம்பில் லேசான நசுங்கல் மட்டுமே இருந்தது. புதிய கீ கைக்கு ஆடாமல், மரச்சுத்தியால் தட்டி உட்கார்ந்தது. அது பெரிய அதிர்ஷ்டம். காடி அகன்றிருந்தால் லேத்தில் படிவைத்த கீ ஒன்றைக் கடைந்து பொருத்த வேண்டியிருக்கும், அதற்கும் அடங்காவிட்டால் கிராங்கையே மாற்ற வேண்டும். பழைய புல்லியில் பசை தடவி ஒப்பேற்றும் வழக்கமும் உண்டு. மலையில் ஆட்களை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு அதைச் செய்ய எனக்கு மனம் வராது. புதிய டைமிங் புல்லி, புதிய கீ, புதிய நடு போல்ட், கூடவே புதிய டைமிங் பெல்ட். போல்ட்டை எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்து, கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்கினேன். பெல்ட் மாற்றும் வேலையில் விட்டுப்போவது பெரும்பாலும் இந்தக் கடைசி முறுக்குதான்.

மலைச் சத்தம்

மலையில் கேட்ட மெல்லிய ஒலி முற்றிலும் வேறு இனம். சிலிண்டருக்குள் பிளக் பற்றவைத்த தீ பரவி முடிவதற்குள், மூலையில் மிஞ்சியிருக்கும் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாகவே வெடிப்பது. அந்த வெடிப்பின் அழுத்த அலை சிலிண்டரின் குறுக்கே எதிரொலிக்கிறது. 68.5 மி.மீ. விட்டமுள்ள இந்தச் சிலிண்டரில் அந்த அதிர்வு நொடிக்கு 8,000 முறைக்கு அருகில் வரும். அதனால்தான் கனமான ‘டக்’ ஆக இல்லாமல் உச்சத்தில், கிலுங்குவது போலக் கேட்கிறது. இந்தச் சத்தத்தை அடக்கத்தான் 1921இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி பெட்ரோலில் ஈயச் சேர்மத்தைக் கலக்கும் வழியைக் கண்டார். அந்த ஈயத்தை உலகம் முழுக்க மூச்சில் இழுத்த பிறகு, இந்தியாவில் 2000ஆம் ஆண்டில்தான் அது முழுமையாக நின்றது. இன்ஜினின் ஒரு சத்தத்துக்குக் கொடுத்த விலை என்று பார்த்தால் மனம் கனக்கிறது.

உரிமையாளர் பெட்ரோலைச் சந்தேகித்தார். எத்தனால் கலப்பதால் இந்தச் சத்தம் வருகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எத்தனால் ஆக்டேனை, அதாவது தானாக வெடிக்காமல் தாங்கும் திறனை, கூட்டுமே தவிரக் குறைக்காது. பழைய கார்புரேட்டர் வண்டியில் அதனால் வரக்கூடிய தொல்லைகள் வேறு: கலவை சற்று மெலிவதும், பழைய ரப்பர்க் குழாய்கள் கெடுவதும். குழாய்களைப் பார்த்து, வெடித்திருந்த ஒன்றை மாற்றினேன். மலைச் சத்தத்துக்கு அது காரணமில்லை.

காரணம் டிஸ்ட்ரிபியூட்டரில் இருந்தது. கீ தேயத் தேய, புல்லி கிராங்குக்குப் பின்தங்கியது. அதோடு கேமும் இக்னிஷனும் நான்கு டிகிரி வரை பின்தங்கின. இழுவை குறைந்தது அப்போதுதான். அதைச் சரிக்கட்ட, பொறி முன்கூட்டியே வரும்படி டிஸ்ட்ரிபியூட்டரை முன்னே திருப்பியிருக்கிறார்கள். லைட் இல்லாமல், ஐடில் ஏறும் இடம் வரை, காதை நம்பி. பாரமில்லாத ஐடிலில் இன்ஜின் எவ்வளவு முன்னே திருப்பினாலும் தாங்கிக்கொள்ளும், அப்படி வைத்தால் எப்போதும் அளவுக்கு மீறித்தான் போகும். போடிமெட்டுக் கொண்டைஊசி வளைவில் இரண்டாவது கியரில், குறைந்த சுற்றில், முழு மிதியில் அது தாங்காது. இந்தக் கால வண்டியென்றால் இந்தச் சத்தத்தை உணரும் நாக் சென்சார் கேட்டு, கணினி டைமிங்கைப் பின்னே இழுத்துவிடும். கார்புரேட்டர் 800இல் அந்தக் காது கிடையாது. ஓட்டுபவர் கேட்டால்தான் உண்டு. கேட்காமல் ஓட்டினால் பிஸ்டன் தலை அரிக்கும், ரிங் இருக்கும் விளிம்பு உடையும், ஹெட் கேஸ்கெட் போகும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. புதிய கீ போட்டதும் பின்தங்கல் மறைந்துவிடுவதால் இக்னிஷன் இன்னும் முன்னே போகிறது. லைட் அடித்தபோது குறி துள்ளாமல், ஆனால் எட்டு டிகிரி முன்னால், அசையாமல் நின்றது. ஐடில் தட்டல் போய்விட்டது என்று அப்படியே வண்டியை அனுப்பியிருந்தால் மலைச் சத்தம் முன்னைவிடக் கூடியிருக்கும், புதிய பாகங்களின்மேல் பழி விழுந்திருக்கும். டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தி, கையேட்டு அளவுக்குக் கொண்டுவந்து, பாரத்துக்கேற்ப டைமிங்கை மாற்றும் வேக்குவம் டயஃப்ரமின் குழாயை உறிஞ்சிப் பிடித்து அது காற்றுக் கசியாமல் நிற்கிறதா என்றும் பார்த்து இறுக்கினேன்.

முன் சக்கரம்

பிரேக் பிடிக்கும்போது வந்த ‘டொக்’ எளிய விஷயம். 800இன் முன்பக்கத்தில் ஸ்டெபிலைசர் ராடு இரட்டை வேலை பார்க்கிறது: வண்டி சாய்வதைத் தடுப்பதோடு, சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் முன்னும் பின்னும் போகாமல் பிடித்திருப்பதும் அதுவே. அதன் முனை லோயர் ஆர்மைத் துளைத்து வரும் இடத்தில் உள்ள ரப்பர் புஷ் கிழிந்தால், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னே நகர்ந்து இரும்பில் இடிக்கும். மேடுபள்ளத்தில் வராமல் பிரேக்கில் மட்டும் வந்ததால் ஷாக் அப்சார்பரையும் ஸ்ட்ரட்டின் மேல் மவுன்ட்டையும் தொடவே இல்லை. குழிக்குள் இறங்கி, ஒருவரை பிரேக்கில் வைத்து வண்டியை முன்னும் பின்னும் தள்ளச் சொன்னபோது இடப்பக்க ராடின் முனை கண்ணெதிரே நகர்ந்தது. இரண்டு பக்கமும் புஷ் மாற்றி, நட்டுக்குப் புதிய ஸ்ப்ளிட் பின் போட்டேன்.

ஓட்டிப் பார்த்தது

உரிமையாளரையே ஓட்டச் சொல்லி, பின்னிருக்கையில் மூட்டைகளோடு மலையேறினோம். மலையடிவாரத்தில் உள்ள முந்தல் என்ற ஊரைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் அவர் பழக்கத்தில் காலைத் தளர்த்தினார். “விடாதீர்கள் சார், மிதியுங்கள்” என்றேன். இரண்டாவது கியரில் முழுதாக மிதித்தும் கிலுங்கல் இல்லை. அடுத்தடுத்த வளைவுகளிலும் இல்லை. மேலே போகப் போகக் காற்று மெலிந்து குளிர்வதால் இந்தச் சத்தம் இயல்பாகவே குறையும். ஆகவே அடிவார ஏற்றத்தில் வராததுதான் உண்மையான தேர்ச்சி. ஐடிலில் நிறுத்திக் கேட்டபோது டேப்பட்டின் ‘டிக் டிக்’ மட்டும் மிஞ்சியது. ஆறிய இன்ஜினில் இடைவெளியைப் பார்த்து, தளர்ந்திருந்த ஒன்றை மட்டும் சரிசெய்தேன். முற்றிலும் சத்தமில்லாமல் இறுக்கக் கூடாது. இடைவெளியே இல்லாத வால்வு முழுதாக மூடாமல் எரிந்துபோகும். அந்த மெல்லிய டிக் டிக் இருக்கட்டும் என்று உரிமையாளரிடம் சொல்லிவிட்டேன்.

பாகங்களும் கூலியும் சேர்ந்து முதலில் சொன்ன தொகையில் கால் பங்குக்கும் கீழே முடிந்தது. நடு போல்ட்டின் தலையிலிருந்து புல்லி வரை மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். 1,000 கி.மீ. கழித்துக் கவரைத் திறந்து அந்தக் கோடு உடையாமல் நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விலகியிருந்தால் லேத்தில் படிவைத்த கீ ஒன்றைக் கடைந்து பொருத்துவதுதான் அடுத்த வேலை.